கோல் போஸ்டுக்குப் பின்னால் உட்கார்ந்தவர்கள்

மே 4, ஞாயிறு

ஃபைனலில் தோற்றுவிட்டோம். மூன்றுக்கு இரண்டு. எழுத மனசே இல்லை, ஆனாலும் மே மாதப் போட்டி நடக்கிற நாளில் எழுதாமல் படுத்தால் எனக்குத் தூக்கம் வராது. வீட்டுச் செலவு எழுதத்தான் இந்த டைரியை வாங்கினேன். செலவு எழுதியது முதல் வாரம் மட்டும். மற்றதெல்லாம் ஹாக்கி.

இரண்டுக்கு இரண்டு சமமாக இருந்தது. முடியப்போகிற நேரம். மதுரைக்காரன் ஒருவன் பந்தை உருட்டிக்கொண்டு நம் கோல் வட்டத்துக்குள் வந்தான். பந்து அவன் காலில் பட்டது, நான் என் கண்ணால் பார்த்தேன். காலில் பட்டால் ஃபவுல். அம்பயருக்கு ஆள் மறைத்துவிட்டது, அவர் விசில் அடிக்கவில்லை. நம் தீப்பொறி அணியில் பந்துக்கு நேராக நின்றவன் ஞானதுரை. அவன் ஃபவுல் என்று கையைத் தூக்கிக்கொண்டு அப்படியே நின்றுவிட்டான். மதுரைக்காரன் நிற்கவில்லை, தட்டிவிட்டான், கோல்.

"ஏலே மடப்பயலே, எதுக்குலே நின்னே" என்று நான் போட்ட சத்தம் கதிரேசன் மலை வரைக்கும் கேட்டிருக்கும். தொண்டை இன்னும் எரிகிறது. பெரிய கேலரியில் மேளம் அடித்துக்கொண்டிருந்தவர்கள் மேளத்தைப் போட்டுவிட்டு அவனைத் திட்ட ஆரம்பித்தார்கள். வாயில் வராத வார்த்தையெல்லாம் வந்தது. இருபது வயசுப் பையன், தலையைக் குனிந்துகொண்டு போனான்.

எங்களுக்கு எப்போதும் கோல் போஸ்டுக்குப் பின்னால்தான் இடம். இவர், என் வீட்டுக்காரர், மினிபஸ்ஸில் கண்டக்டர். டூட்டி முடித்து காக்கிச் சட்டையோடு ஓடி வருவதற்குள் கேலரி நிரம்பிவிடும். பின்னால் மேளச் சத்தம் இல்லை, கூட்டமும் இல்லை. இன்றைக்கு எங்கள் இரண்டு பேரைத் தவிர ஈ காக்கை கிடையாது.

வீட்டுக்கு வந்து தோசை ஊற்றினேன். வேண்டாம் என்றார். தோற்ற நாளில் கோபத்தில் இரண்டு தோசை கூடுதலாகத் தின்கிற மனுஷன்.

மே 5, திங்கள்

ஸ்டேடியம் ரோட்டில் பால் பூத் வைத்திருப்பவளுக்கு ஊர் அபிப்பிராயம் தேடிப் போக வேண்டியதில்லை, அதுவே பாக்கெட் வாங்க வந்துவிடும். விடியற்காலையிலேயே சண்முகவடிவேல் அண்ணாச்சி வந்தார். பலசரக்குக் கடைக்காரர், கிளப் கமிட்டியில் இருக்கிறார், ஹாக்கி மட்டையைக் கையால் தொட்டவர் இல்லை.

"மயிலு, அந்தப் பய காசு வாங்கிட்டான்."

"யாரு சொன்னா?"

"சொல்லணுமா? பச்சைப்பிள்ளை கூட நிக்காது அந்த எடத்துல. கேட்டா விசில் கேட்டுச்சுங்கான். யாருக்குக் கேட்டுச்சு? கோல் கீப்பரைக் கேட்டோம், ஹெல்மெட்டுக்குள்ள ஒண்ணும் கேக்கலன்னுட்டான். அம்பயர் அடிக்கலைங்காரு. இவன் காதுக்கு மட்டும் ஆகாசத்துலருந்தா விசில் வந்துச்சு?"

அவர் மட்டும் இல்லை. வந்த எல்லோருக்கும் இதே பேச்சு. கொஞ்சம் நல்ல மாதிரி ஆட்கள் காசு என்று சொல்லவில்லை, பயந்துட்டான் என்றார்கள். மிச்சப் பேர் கோச் லூர்து சாரை வைதார்கள். இந்த மாதக் கடைசியில் நம் மைதானத்திலேயே இன்னொரு போட்டி இருக்கிறது. சென்னையில் உள்ள ஒரு வங்கி அணிக்கு வேலையோடு ஆள் எடுக்க அதற்குத்தான் வருகிறார்கள். அந்த ஆட்டத்தில் ஞானதுரையை இறக்கக்கூடாது, இறக்கினால் கோச்சையே மாற்ற வேண்டும் என்று வாட்ஸ்அப் குரூப்பில் நேற்றிலிருந்து ஒரே கூப்பாடு. அந்தப் பையனுக்கு அப்பா இல்லை. அம்மா தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்க்கிறாள். இந்த ஆட்டம் போனால் அவனுக்கு அடுத்த வாய்ப்பு எப்போது வருமோ, வருமோ வராதோ.

லூர்து சார் மேல் எனக்கும் ஆயிரம் குறை உண்டு. நன்றாக ஆடுகிறவனை உட்கார வைப்பார், உட்கார வேண்டியவனை ஓட விடுவார். கோல் விழுந்ததும் போட்டி அதிகாரிகளின் மேசை வரைக்கும் போனவர், ஒரு வார்த்தை பேசாமல் திரும்பி வந்தார். வாயில் என்ன கொழுக்கட்டையா என்று நானும் நேற்றுக் கேட்டேன்.

ஆனால் அண்ணாச்சி போகும்போது "பொய்யி, வாயத் தொறந்தா பொய்யி" என்றாரே, அது எனக்குப் பொறுக்கவில்லை.

"அவன் பொய் சொல்ல மாட்டான்" என்றேன்.

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

"பால் தீந்துபோச்சு அண்ணாச்சி" என்று ஷட்டரை இழுத்துவிட்டேன். உள்ளே இரண்டு டிரே பால் இருந்தது.

மே 6, செவ்வாய்

மினிபஸ் டிரைவர் பெருமாள் பூத்துக்கு வந்து, "அக்கா, அண்ணனுக்குப் பல்லு வலியா? ரெண்டு நாளா விசிலே இல்ல. பஸ்ஸைக் கையால தட்டித் தட்டி நிறுத்துறாரு" என்று கேட்டான். ஆமாம், கடைவாய்ப் பல் என்றேன்.

மே 8, வியாழன்

இனியும் எழுதாமல் இருந்தால் இந்த டைரியை அடுப்பில்தான் போட வேண்டும்.

விசில் அடித்தது இவர்தான்.

இவருக்குக் குழல் தேவையில்லை. நாக்கை மடக்கி அடித்தால் பஸ் ஸ்டாண்டு முழுக்கக் கேட்கும். ஒன்று அடித்தால் நில், இரண்டு அடித்தால் போ. காலையிலிருந்து சாயங்காலம் வரை அதுதான் பிழைப்பு. அன்றைக்குப் பந்து காலில் பட்டதைப் பார்த்ததும் "ஃபவுல்" என்று வாய் சொல்வதற்குப் பதிலாக ஒரு விசில் வந்துவிட்டது. வேண்டுமென்று அடிக்கவில்லை. அடித்த பிறகுதான் அடித்தோம் என்றே இவருக்குத் தெரிந்தது, முகத்தைப் பார்த்தேனே. அதே நொடியில் ஞானதுரை கையைத் தூக்கினான். எல்லாம் தெரிந்துகொண்டே நான் அவனைப் பார்த்துத்தான் மடப்பயலே என்று கத்தினேன். பக்கத்தில் இருக்கிற மனுஷனைத் திட்ட வாய் வரவில்லை.

இன்றைக்கு மத்தியானம், பூத்தில் கூட்டம் இல்லாத நேரம், லூர்து சார் வந்தார். தயிர் வாங்கினார். சில்லறையை வாங்கிக்கொண்டு நின்றார்.

"அண்ணனுக்குப் பல்வலின்னு பெருமாள் சொன்னான். எப்படி இருக்காரு?"

"இருக்காரு சார்."

"நான் தினமும் அண்ணன் பஸ்ஸுலதான் வாரேன் அக்கா. அந்த விசிலு எங்க கேட்டாலும் எனக்குத் தெரியும். ஞாயித்துக்கிழமையும் தெரிஞ்சுச்சு."

கையில் இருந்த டிரேயைக் கீழே வைத்தேன். பிறகு கேட்டேன், "அப்ப ஏன் சார் மேசையில சொல்லல? ஊரே அந்தப் பிள்ளையக் காறித் துப்புது. ஒங்களையும் சேத்துத்தான்."

"எங்க ஊர் ஆளுதான் விசில் அடிச்சு எங்க பயலை நிறுத்தினாருன்னு மதுரைக்காரங்க முன்னால சொல்லவா? சொன்னாலும் கோல் கோல்தான். ஞானதுரை இன்னைக்குத் திட்டு வாங்குறான், நாளைக்கு மட்டையால பதில் சொல்லிக்கிடுவான். அண்ணனுக்குப் பதில் சொல்றதுக்கு ஒரு மைதானம் இல்லையே. பஸ்ஸுல ஏறுறவன் பூராம் கேப்பானே." குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார், "நான் அவனை எறக்கத்தான் போறேன். என்னை மாத்துனா மாத்திக்கிடட்டும். அண்ணனை மட்டும் சாப்பிடச் சொல்லுங்க."

இந்த மனுஷனையா இத்தனை வருஷம் கோல் போஸ்டுக்குப் பின்னாலிருந்து வைதேன். அவர் தயிரை மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டார். ஓடிப் போய்க் கொடுத்தேன். நன்றி சொல்ல வாயெடுத்து, "வெயில்ல வைக்காதீங்க சார், புளிச்சிரும்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மே 9, வெள்ளி

இவரிடம் லூர்து சார் சொன்னதைச் சொன்னேன். சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மே 10, சனி

டூட்டி முடிந்து வந்தவர் சட்டையைக் கூடக் கழற்றவில்லை. சமையல்கட்டு வாசலில் வந்து நின்றார். நான் புளிக்குழம்பு கொதிக்க வைத்திருந்தேன்.

ஞானதுரை இன்றைக்கு இவர் பஸ்ஸில் ஏறினானாம். மட்டையைத் துணியில் சுற்றி மறைத்து வைத்திருந்தானாம். பின் சீட்டுப் பயல்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். ஒருவன் வாயால் 'பீப்' என்று விசில் மாதிரி ஊத, இன்னொருவன் "ஸ்டாப், ஸ்டாப், ஞானதுரை வந்தாச்சு" என்று சொல்ல, பஸ் முழுக்கச் சிரிப்பு. அவன் மட்டையை எடுத்துக்கொண்டான். ஒரு ஸ்டாப் முன்னாலேயே இறங்கிவிட்டான்.

"எறங்கும்போது என்னைப் பாத்து, 'வாரேன் மாமா'ன்னு சொல்லிட்டுப் போறான் மயிலு" என்றார். அதோடு முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். எங்கள் கல்யாணத்துக்கு அப்புறம் இவர் அழுது நான் பார்த்ததில்லை. மாமனார் செத்தபோது கூடப் பந்தல்காரனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

எனக்கும் ஆத்திரம் வந்துவிட்டது. "இங்க அழுது என்ன புண்ணியம்? நாளைக்குக் கமிட்டி கூடுது. அங்க வந்து சொல்லுங்க" என்றேன்.

"வேலைக்குப் போற எடத்துல மானம் போயிரும் மயிலு."

"அந்தப் பிள்ளைக்கு மானம் இல்லையா?"

குழம்பு அடிப்பிடித்துவிட்டது. இரண்டு பேரும் அதையே தின்றோம்.

மே 11, ஞாயிறு

கேலரி நிழலில் கமிட்டி கூடியது. கமிட்டி என்று பேர், ஊர்க்காரர்கள் பாதிப் பேர் நின்றார்கள். லூர்து சார் ஒரு ஓரமாக நின்றார். ஞானதுரையையும் வரச் சொல்லியிருந்தார்கள்.

அண்ணாச்சிதான் ஆரம்பித்தார். பையன் உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்க வேண்டும், இல்லையென்றால் அணியில் இடம் கிடையாது, கோச் அதற்குச் சம்மதிக்காவிட்டால் அவரும் கிளம்பலாம் என்றார். ஞானதுரை, "விசில் கேட்டுச்சு. அதுக்கு மேல என்கிட்ட உண்மை இல்ல" என்றான்.

கூட்டத்தில் சிரித்தார்கள். நான் இவரைத் தேடினேன். பக்கத்தில் இல்லை. ஓடிவிட்டார் என்று நினைத்தேன். அந்த நொடி இவர் மேல் எனக்கு வந்த வெறுப்பை எழுத மாட்டேன்.

அப்போது ஒரு விசில் கேட்டது. ஒன்றே ஒன்று. எல்லோரும் பேச்சை நிறுத்தித் திரும்பினார்கள். கோல் போஸ்டுக்குப் பின்னால் தனியாக நின்றுகொண்டிருந்தார்.

அங்கிருந்து நடந்து வந்தார். "இந்தச் சத்தந்தான் அன்னைக்குக் கேட்டுச்சு. அடிச்சது நான். ஃபவுலைப் பாத்த ஆத்திரத்துல என் வாய் நிக்கல. பிள்ளை நின்னுட்டான். காசு வாங்கிட்டான்னீங்க, பொய்யின்னீங்க. என்னைச் சொல்லுங்க" என்றார். தலையைக் குனியவில்லை.

உடனே அண்ணாச்சி பிடித்துக்கொண்டார். "ஏன்யா, ஒரு வாரமா வாய்ல பூட்டா போட்டிருந்தீரு? கப்பைத் தூக்கிக் குடுத்துட்டு ஊமைக் கோட்டான் மாதிரி இருந்திருக்கீரே" என்று ஆரம்பித்து நிறுத்தவே இல்லை. பின்னால் நின்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். போன நிமிஷம் வரை ஞானதுரையைத் திட்டிய அதே வாய்கள். எனக்கு அண்ணாச்சி வேட்டியைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. ஆனால் அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை.

குறுக்கே வந்தவன் ஞானதுரை. "மாமா விசில் அடிச்சது நெசம். அம்பயர் கையைப் பாக்காம நின்னது நான். எங்க சாரு முதல் நாளே சொல்லிக் குடுத்தது, கையைப் பாத்துத்தான் நிக்கணும்னு. ஃபவுலாத்தான் இருக்கணும்னு எனக்கும் ஆசை, அதான் நின்னுட்டேன். மாமாவை விடுங்க" என்றான்.

லூர்து சார் அப்போதுதான் வாயைத் திறந்தார். "பிராக்டிஸுக்கு நேரமாச்சு, வா" என்று அவனைக் கூட்டிக்கொண்டு போனார். கமிட்டி முடிந்தது. அவனை நீக்கவும் இல்லை, மன்னிப்பும் யாரும் கேட்கவில்லை.

இன்றைக்கு இரவு இவர் ஐந்து தோசை தின்றார். மாவு தீர்ந்தது. தெய்வமே, நன்றி.

மே 13, செவ்வாய்

மானம் போகும் என்று பயந்தது போல் போகத்தான் செய்தது. பஸ்ஸில் ஏறுகிறவன் எல்லாம், "அண்ணே, பாத்து அடிங்க, மதுரைக்கு கோல் போயிரும்" என்கிறானாம். அண்ணாச்சி என்னிடம் பால் வாங்குவதை நிறுத்திவிட்டார். மேலத் தெருவில் போய் வாங்குகிறார். இவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு டிக்கெட் கிழிக்கிறார். மறுபடியும் விசில் அடிக்கத் தொடங்கிவிட்டார். பல்வலி போயிற்று என்று பெருமாளுக்குச் சந்தோஷம்.

மே 15, வியாழன்

லூர்து சாருக்கு மூளை எங்கெங்கோ போகிறது. இவரைக் காலைப் பயிற்சிக்கு வரச் சொல்லியிருக்கிறார்.

"பிள்ளைக வெளையாடும்போது நீங்க எப்ப வேணாலும் விசில் அடிங்கண்ணே. ஒருத்தன் நிக்கக்கூடாது. நின்னா ரெண்டு ரவுண்டு ஓடணும். அம்பயர் கையைப் பாத்துத்தான் நிக்கணும். இதைப் பழக்க எனக்கு ஒங்களை விட்டா ஆள் கிடையாது."

பூத்தைத் திறந்து வைத்துவிட்டு நானும் போய்ப் பார்த்தேன். இவர் மைதானத்துக்குள் போய் நின்றார், வாயில் காற்றுதான் வந்தது. ஞானதுரை பந்தை நிறுத்திவிட்டு, "அடிங்க மாமா, நிக்க மாட்டேன்" என்றான். அடித்தார். நாலு பேர் நின்றார்கள். அவன் நிற்கவில்லை.

மே 17, சனி

அண்ணாச்சி திரும்ப வந்துவிட்டார். "மேலத் தெருவுல பால் தண்ணியா இருக்கு" என்றார். பாக்கெட்டை எடுத்துக் கொடுத்தேன். வாடிக்கைக்காரர் வந்தாரே, அது போதும்.

மே 25, ஞாயிறு

வங்கி அணிக்கு ஆள் எடுக்க வந்த இரண்டு பேரும் மேடையில் தொப்பி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இவர் இன்றைக்குக் காசு கொடுத்து ஒரு பெரிய பாக்கெட் கடலைமிட்டாய் வாங்கி வந்தார். எதற்கு என்றேன். "வாயில போட்டுக்கிட்டா விசில் வராதுல்ல" என்றார். ஆட்டம் முழுக்க மென்றுகொண்டே இருந்தார், கன்னம் இரண்டும் வீங்கின மாதிரி.

ஞானதுரை ஆடியதை என்னால் எழுத முடியாது, எனக்கு அவ்வளவு தமிழ் வராது. அவனைத் தாண்டி ஒருத்தன் உள்ளே வரவில்லை. ஒரே ஒரு கூத்து. அம்பயர் நிஜமாகவே விசில் அடித்தார். ஞானதுரைக்குக் கை தெரியவில்லை போலிருக்கிறது, நிற்காமல் பந்தை அந்தக் கோடி வரைக்கும் கொண்டு போய்விட்டான். அம்பயர் பச்சை அட்டையைக் காட்டி இரண்டு நிமிஷம் வெளியே உட்கார வைத்தார். கேலரியே சிரித்தது, அவனும் சிரித்தான். லூர்து சார் தலையில் அடித்துக்கொண்டார்.

ஜெயித்தோம். சென்னையில் நடக்கிற தேர்வு முகாமுக்கு வரச்சொல்லி மைக்கில் வாசித்த மூன்று பேரில் ஞானதுரை இரண்டாவது. அண்ணாச்சி என் பக்கம் வந்து, "நான் அன்னைக்கே சொன்னேம்லா, பய சாதாரணப்பட்டவன் இல்லன்னு" என்றார். எனக்கு இருந்த சந்தோஷத்தில் ஆமாம் அண்ணாச்சி என்று சொல்லிவிட்டேன்.

மே 28, புதன்

சாயங்காலம் ஞானதுரை வீட்டுக்கு வந்தான். உட்காரச் சொன்னேன், உட்காராமல் நின்றான். முகாமுக்குத் துணைக்கு ஒரு ஆள் கூட்டி வரலாமாம். அவன் சென்னை பார்த்ததில்லை. அம்மாவுக்கு லீவு இல்லை. லூர்து சார் வருவார் என்றுதான் நான் நினைத்தேன். அண்ணாச்சி வேறு தானே வருவதாக அவன் வீட்டுக்கே போய்ச் சொல்லியிருக்கிறார்.

"மாமா, நீங்க வாரீங்களா?" என்றான்.

இவர் பயந்துபோனார். "நானா? ஏன்டா, ஒன் கூட வர எனக்கு என்ன யோக்கியதை இருக்கு? சாரைக் கூட்டிட்டுப் போ."

"சார் வந்தா நல்லா ஆடணும்னு நெனப்பாரு. அண்ணாச்சி வந்தா செலக்ட் ஆகலன்னா ஊர் வார வரைக்கும் திட்டுவாரு. நான் தோத்தாலும் பேசாம பக்கத்துல உக்காந்து வார ஆளு எனக்கு வேணும். ஊர்ல எல்லாரும் என்னைத் திட்டிட்டாங்க மாமா. நீங்க ஒருத்தர்தான் திட்டல."

"ஏலே, நான் இங்கதான் நிக்கேன்" என்றேன்.

"ஒங்க சத்தந்தான் அத்தை முதல்ல கேட்டுச்சு" என்று சிரித்தான்.

நானும் சிரித்தேன். பிறகு உள்ளே போய்க் குடத்தை நகர்த்துகிற மாதிரிக் கொஞ்ச நேரம் நின்றேன். திட்டாமல் இருந்ததற்குக் காரணம் என்ன என்று அவனுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். அதைப் போய் இந்தப் பிள்ளை ஒரு நல்ல குணமாக்கி எங்கள் கையில் கொடுத்துவிட்டான். அவன் அம்மா எப்படி வளர்த்திருக்கிறாளோ, அவள் காலில் விழலாம்.

இவர் லீவு எழுதிக் கொடுக்கப் போயிருக்கிறார்.

மே 30, வெள்ளி

இரண்டு பேரும் ரயில் ஏறினார்கள். புளியோதரை கட்டிக் கொடுத்தேன். இவர் காக்கி போடாமல் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார், மாப்பிள்ளை மாதிரி.

ஜூன் 1, ஞாயிறு

காலையில் போன் வந்தது.

"உள்ள போயிட்டான். வெளியாளை விட மாட்டாங்களாம். நான் காம்பவுண்டுச் சுவருக்கு இந்தப் பக்கம் உக்காந்திருக்கேன். பந்து மட்டையில படுற சத்தம் மட்டும் கேக்குது" என்றார்.

"அவன் வெளிய வந்ததும் என்ன ஆச்சுன்னு கேக்காதீங்க" என்றேன்.

"கேக்க மாட்டேன். சாப்பிட்டியான்னு கேப்பேன்."

"சரி. உக்காந்திருங்க."

"உக்காந்திருக்கேன் மயிலு" என்றார்.